ஏறுவதற்கு இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்டில்
இறங்கக் காசில்லை.
ஏறத்தான் இருபது தெத்ரி.
சாம்பல் நிற இரும்புப் பெட்டி, அதில் ஒரு கீறல்,
கீறலுக்குள் நாணயம் உருளும் சத்தம்,
பிறகு ஒரு யோசனை,
பிறகு எட்டாவது மாடி.

அப்பாவின் பையில் சில்லறை எப்போதும் இருக்கும்.
அதைப் போடாமல் படியேறுவார்.
உருளைக்கிழங்கு மூட்டையோடும் ஏறுவார்.
"நெஞ்சுக்கு நல்லது நெஸ்தான்" என்பார்,
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
சிகரெட் பற்றவைத்துக்கொண்டே.

ஒரே ஒரு முறை போட்டார்.
தம்பி ரமாஸின் பிறந்தநாள். கையில் கேக்.
திபிலீசி முழுக்க மின்சாரம்
விருந்தாளியைப்போல் வந்துபோன குளிர்காலம் அது.
ஆறாம் மாடி ஷால்வா ஓடிவந்து கூட ஏறிக்கொண்டார்.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
நின்றுபோனது.

நான்கு மணி நேரம்.
நாங்கள் படியில் உட்கார்ந்து
கேக்குக்கு வாங்கிய மெழுகுவர்த்திகளை
ஒவ்வொன்றாகக் கொளுத்தித் தீர்த்தோம்.
உள்ளே முதலில் சிரிப்பு.
பிறகு பாட்டு (அப்பாவுக்குப் பாட வராது, எனவே ஷால்வா).
பிறகு தணிந்த பேச்சு, சொல் எதுவும் பிடிபடாமல்.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைதான் அதிக நேரம் நீடித்தது.

கதவை நெம்பித் திறந்தபோது
ஆளுக்கொரு மூலையில் நின்றிருந்தார்கள்.
நடுவில் கேக், யாரும் தொடாமல்.
அதன்பின் பதினோரு வருடம்
ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை.

"என்னதான் நடந்தது ஓதார்?" என்று அம்மா
முதலில் கெஞ்சலாய்க் கேட்டாள்,
பிறகு பாத்திரங்களைக் கொண்டு கேட்டாள்.
"லிஃப்ட் நின்றது" என்றார் அப்பா.
கீழே நானுலியும் தன் புருஷனைக் கேட்டிருக்கிறாள்.
"கரண்டு போனது" என்றாராம்.
இரண்டும் உண்மை. என்ன செய்வது?

அம்மாவிடம் மூன்று கதைகள் இருந்தன:
கடன், அரசியல், ஒரு பெண்.
அன்றைய கோபத்துக்குத் தோதானதை எடுப்பாள்.
போலந்தில் லாரி ஓட்டும் ரமாஸுக்கு
இன்றுவரை அது கேக் விவகாரம்தான்.
"என் கேக்" என்கிறான் போனில்,
நாற்பதை நெருங்கும் ஆள்.

அப்பா போனது ஒரு மார்ச் மாதம்.
பெட்டி லிஃப்டுக்குள் அடங்கவில்லை.
இந்தக் கட்டடத்தை வரைந்தவர்
எட்டு மாடிக்கும் ஆட்கள் வருவதை யோசித்தார்,
போவதை யோசிக்கவில்லை.
படிவழியே, சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்து.
ஆறாம் மாடியில் ஒரு கதவு திறந்தது.
ஷால்வா கோட்டை மாட்டிக்கொண்டே வந்து
என் சித்தப்பாவின் தோளைத் தொட்டு விலக்கி
முன்மூலையை வாங்கிக்கொண்டார்.
அரை மாடி இறங்கியதும் "கொஞ்சம் வையுங்கள்" என்றார்.
வைத்தோம்.
அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. நான் பார்த்தேன்.

நேற்று மருந்துக்கடையிலிருந்து
ஈரக் குடையோடு திரும்புகிறேன்.
லிஃப்டுக்குள் ஷால்வா, விரலிடுக்கில் நாணயம்,
பெட்டியைக் கழற்றிய சுவரின்
நான்கு திருகாணி ஓட்டைகளைப் பார்த்தபடி.
இப்போதெல்லாம் அட்டைதான். என் அட்டையைக் காட்டினேன்.
ஐந்தைத் தாண்டும்போது வழக்கமான குலுக்கல்.
அவர் வாய் திறந்தார்.
குடையிலிருந்து நீர் சொட்டுவதுகூட
எனக்கு இரைச்சலாய் இருந்தது.
"தக்காளி என்ன விலை விற்கிறான், பார்த்தாயா?" என்றார்.

ஆறில் கதவு திறந்தது.
இருபது தெத்ரியை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை அவரே மூடிவிட்டார்.
கடன் வைக்க மாட்டாராம்.

நான் எட்டுக்குப் போக வேண்டும்.
காலால் கதவைத் தடுத்தபடி நிற்கிறேன்.
மேலே எவரோ இரும்பைத் தட்டித் தட்டி
லிஃப்டைக் கூப்பிடுகிறார்கள்.